பாதிக் கோலம்

வாசலில் கோலம் பாதிதான் இருந்தது.

கொத்தமங்கலத்தில் அண்ணன், தம்பி இருவருக்கும் பங்கான வீடு அது. ஆண்கள் ரங்கூன் கடையில் இருந்தார்கள். வீட்டைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் அண்ணன் மனைவி சிகப்பி ஆச்சியின் பங்கு. அந்தப் பக்கம் இழை பிசகாமல் மாவு ஓடியிருந்தது. இடப்பக்கம் தம்பி மனைவி நாச்சியம்மையின் பங்கு. அங்கே தெளித்த தண்ணீர் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.

"நடுவுல அறுத்துவிட்டாப்புல இருக்கு சின்னாச்சி," என்றாள் வேலைக்காரி அக்கம்மாள். "உம் பங்கு உனக்கு, எம் பங்கு எனக்குன்னு சொல்லாமச் சொல்லிட்டாக."

நாச்சியம்மைக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. தலைவாசல் பொது, அடுப்பு தனித்தனி. கோலம் ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. இன்று அவள் முறை. ஆனால் நேற்று அந்தியில், வீட்டின் உள்முற்றமான வளவின் நடுவே சுவர் எழுப்பும் பேச்சு வந்து, இருவருக்கும் வார்த்தை தடித்துவிட்டது. இரவெல்லாம் புரண்டு படுத்தவள் விடியும் நேரத்தில்தான் கண்ணயர்ந்தாள். அதற்குள் இந்தக் குத்தல்.

"பெரியாச்சி ரெண்டு நாளாத் தலைவலின்னு நெத்தியில சுக்குப்பத்தோட கெடந்தாகளே?" என்றாள் அக்கம்மாள்.

"சுவர்னு சொன்னாலே அவுகளுக்குத் தலைவலி வந்துரும். பாதிக் கோலம் போடுறப்ப மட்டும் வலிக்கலையாக்கும்." நாச்சியம்மை கொண்டையை முடிந்துகொண்டாள். "வேணுமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். இனி யோசிக்க ஒண்ணுமில்லை. போயி கொத்தனாரைக் கூட்டியா."

கொத்தனார் செம்மலை வந்து, வளவின் நடுவே முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டினார். கட்டியவர் தயங்கினார்.

"அஸ்திவாரம் தோண்டிட்டாத் தோண்டுனதுதான் ஆச்சி. ஒருதரம் ரங்கூன்ல கேட்டுக்கிட்டா..."

"கேட்டாச்சு. ரெண்டு பேரும் உங்க இஷ்டம்னுட்டாக."

"பொம்பளைக சண்டையில ஆம்பளைக எப்பவும் உசார்தான்," என்றார் செம்மலை, குனிந்தபடியே.

அப்போது சிகப்பி ஆச்சி தம் அறையிலிருந்து வெளியே வந்தார். இடத்தோள் தூணில் இடித்தது. நிற்கவில்லை. இடக்கால் கயிற்றில் சிக்கி, முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டு வந்தது. அப்போதும் நிற்கவில்லை.

நாச்சியம்மை அவருக்கு இடப்பக்கமாக வந்து நின்றாள்.

"கயித்தை இழுத்துக்கிட்டுப் போறீக. சண்டை வேணும்னா வாயால போடுங்க ஆச்சி."

சிகப்பி ஆச்சி நின்றார். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் வலப்பக்கமே திரும்பினார். அங்கே தூணைத் தவிர யாரும் இல்லை.

"எங்கிட்டு இருக்கே நாச்சி?"

"இந்தா, பக்கத்துலதானே நிக்கிறேன்."

"முன்னால வந்து நில்லுத்தா. சத்தம் கேக்குது, ஆளைக் காணோம்."

எரிச்சலோடுதான் நாச்சியம்மை முன்னால் வந்தாள். ஆச்சியின் உதடு இடப்பக்கம் தொங்கியிருந்தது. அந்த ஓரத்தில் எச்சில் வழிந்து மோவாயை நனைத்திருந்தது. ஒருநாளும் முந்தானை நழுவவிடாதவருக்கு, இடத்தோளிலிருந்து சரிந்த சேலை தரையில் புரண்டது.

"வாய் கோணியிருக்கே ஆச்சி."

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். தலைதான் வெடிக்குது."

செம்மலை யாரும் சொல்லாமலே கயிற்றைச் சுருட்டினார். கட்டில் போட இடம் வேண்டியிருந்தது. அக்கம்மாள் மந்திரிக்க ஆள் கூட்டிவரப் புறப்பட்டாள். நாச்சியம்மை அவளைத் தடுத்துவிட்டு, காரைக்குடி டாக்டரை அழைத்துவரச் சொல்லிச் செம்மலையை வண்டியில் அனுப்பினாள்.

டாக்டர் வந்து சேர உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. சிகப்பி ஆச்சியை இடக்கையைத் தூக்கச் சொன்னார்.

"தூக்கிட்டேனே," என்றார் ஆச்சி. கை படுக்கையிலேயே கிடந்தது.

டாக்டர் நாச்சியம்மையை முகப்புக்கு அழைத்துப் போனார்.

"பக்கவாதம். மூளைக்குப் போற ரத்தம் தடைப்பட்டிருக்கு. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே இப்ப அவங்களுக்குத் தெரியலை. அந்தப் பக்கம் ஆள் நின்னாலும் தெரியாது, இலையில சோறு வச்சாலும் தெரியாது. எப்ப ஆரம்பிச்சுது?"

நாச்சியம்மை வாசலைப் பார்த்தாள். காலடி பட்டும் வெயில் பட்டும் மாவு மங்கியிருந்தது.

"விடியக்காலையில."

"அப்பவே யாரும் கவனிக்கலையா?"

"கவனிச்சோம்," என்றாள் நாச்சியம்மை. "வேற மாதிரி நெனைச்சுக்கிட்டோம்."

"அசைய விடாதீங்க. விழுங்க முடியுதான்னு நான் பார்த்துச் சொல்ற வரைக்கும் வாயில ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்த வேண்டாம். பிழைக்கிறதும் பிழைக்காததும் இந்த ரெண்டொரு நாள்ல தெரியும்."

நாச்சியம்மை கட்டிலுக்கு வலப்பக்கமாக வந்து உட்கார்ந்தாள். ஆச்சியின் கண்கள் அவளைக் கண்டுகொண்டன.

"இன்னைக்கு என் முறையில்ல ஆச்சி? இவ்வளவு தலைவலியோட நீங்க ஏன் எந்திரிச்சுப் போனீக?"

ஆச்சிக்கு நாக்குக் குழறியது. சொல்லைத் தேடித் தேடி எடுத்தார்.

"நீ அசந்து தூங்குனே. எழுப்ப மனசு வரலே. சண்டை போட்ட மறுநா வாசல் வெறுமனே கெடந்தா ஊரு உன்னையத்தானே பேசும்? அதான், உம் பங்குக்கும் சேத்துப் பெருசாவே போட்டுவச்சேன். போயிப் பாத்தியா?"