நல்ல தண்ணி

இப்ராஹீம் தொழுது, சலாம் கொடுத்து எழுந்தபோது, மனைவி ரஹ்மத்துன்னிஸா உடைமர நிழலில் வந்து நின்றிருந்தாள்.

“தண்ணி வந்துட்டுங்க.”

தொழுகைப் பாயைச் சுருட்டவில்லை. செருப்புகூடப் போடாமல், ஆழ்குழாய் போர் போடும் லாரியை நோக்கி நடந்தார்.

விளாத்திகுளத்துக் கரிசலில் தண்ணீர் குழம்பாக ஓடிக்கொண்டிருந்தது. முன்பு போட்ட போர்களில் புழுதிதான் வந்தது.

காயல்பட்டினத்தில் அவர் குடும்பத்தில் யாரும் மண்வெட்டி பிடித்ததில்லை. வாப்பா கொழும்புக்குச் சரக்கு அனுப்பியவர். மூத்தவர் காக்காவுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றுமதி. இப்ராஹீம் துபாயில் துணிக்கடை வைத்திருந்தார். அங்கே பால்கனியில், பெயிண்ட் டப்பாவில் மிளகாய்ச் செடி வளர்த்தார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

கடையை விற்று இந்த நிலத்தை வாங்கிய அன்று காக்கா கேட்டார்: “கடல்ல சரக்கு போட்டு வாழ்ந்த குடும்பம். உனக்கு மண்ணு எதுக்குடா?”

விதை முளைப்பதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் பதில். அதை அண்ணனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

இப்போது போர்த் தண்ணீரை இரு கைகளிலும் ஏந்திக் குடித்தார்.

உப்பு. தொண்டைக்குள் இறங்க மறுத்த உப்பு.

போர்க்காரர் செல்வதுரை அவர் முகத்தைப் பார்க்காமல் குழாய்களைக் கழற்றத் தொடங்கினார்.

இன்னொரு போருக்கு வழியில்லை. திரும்பிப் போகக் கடையும் இல்லை. பின்னால் ரஹ்மத்துன்னிஸா காத்திருந்தாள்.

“நல்ல தண்ணி” என்றார் இப்ராஹீம்.

“அப்ப கன்னை இன்னைக்கே நட்டுருவோம்” என்றாள் அவள்.

காலையில் ஆட்டோவில் கொண்டுவந்த எலுமிச்சங்கன்றுகள் வேலியோரம் இருந்தன. அவர் குழி தோண்டி நட்டார். அவள் குடத்தில் மொண்டு வந்து ஊற்றினாள். முதல் கன்றுக்கு ஊற்றும்போது தடுக்க வாயெடுத்தார். அடுத்த குழியில் மண்வெட்டியை இறக்கினார். பிறகு மண் அவர் கையை இழுத்துக்கொண்டது. முழங்கை வரை கரிசல் அப்பியிருந்தது. ஒரு கன்று கோணலாக நின்றதைப் பார்த்துச் சிரித்துக்கூட விட்டார்.

குடத்தோடு திரும்பி வந்த ரஹ்மத்துன்னிஸாவிடம் செல்வதுரை தன் குடிதண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

“அவுக வர முன்னாடியே நீங்க குடிச்சுப் பாத்தியள்லா?” என்றார் தணிந்த குரலில். “உப்புன்னு சொல்லிருக்கலாம்லாம்மா.”

அவள் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

“நட்டு முடிக்கட்டும், அண்ணாச்சி.”