அரிசி மழை

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று இருபது.

“ஏனுங்க அம்மணி, ஞாயித்துக்கிழமை ரேடியோவுல பேசுனவங்கள இங்க வந்தாப் பாக்கலாமுங்களா?”

வேலாமணி ஹெட்போனைக் கழற்றினாள். ஒலிப்பதிவு அறையின் வாசலில் ஒரு பெரியவர் நின்றார். கழுத்தில் மஃப்ளர், கக்கத்தில் குடை. நனைந்த செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.

“செருப்போடயே வாங்கய்யா.”

“கீழ கம்பளம், செவுத்துல மெத்தை. மிதிக்க மனசு வரலீங்க. காத்து வராதுங்களா இங்க?”

“சத்தமும் வராதுங்க. அதுக்குத்தான்.”

பெயர் நல்லசாமி என்றார். சோலூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே ஊட்டி தெரியவில்லை. பனிமூட்டம் கண்ணாடிவரை வந்திருந்தது.

“அது எங்க அக்காளுங்க” என்றார். “நீங்க பேரு மட்டும் மாத்திட்டீங்க. பாலாமணி. எம்பத்தி மூணு, ஆடி மாசம். கொழுந்து எடுக்கப் போனவ திரும்பலீங்க. கூடைகூடக் கெடைக்கல.”

வேலாமணி ஹெட்போனை மேசைமேல் வைத்தாள்.

ஒலித் தயாரிப்பில் முதுகலை, இரண்டாம் ஆண்டு. பட்டத்துக்கு அவள் செய்த ஒலிச்சித்திரம் ஞாயிறு மதியம் பல்கலைக்கழக வானொலியில் ஒலிபரப்பானது. பனிமூட்டத்தில் காணாமல் போய் இறந்த ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியைப் பற்றி, அவளோடு வேலை செய்த கிழவி ஒருத்தி பேசுகிறாள். நான்கு மணிக்குத் தேர்வாளர்கள் வருகிறார்கள். முதல் மதிப்பெண் உனக்குத்தான் என்று துறைப் பேராசிரியர் சாந்தாமணி மேடம் காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஆனால் அந்தக் கிழவி என்று யாரும் இல்லை.

தோட்டத்துக்குள் போக அனுமதி கிடைக்கவில்லை. மூன்று வாரம் மழை. வேலாமணி விடுதி அறையில் உட்கார்ந்து கதையை எழுதினாள். வாயில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு அவளே பேசினாள். கணினியில் குரலைத் தடிக்க வைத்தாள். உண்மையான மனிதர்கள், உண்மையான குரல்கள் என்பது விதி. மீறினால் பட்டம் இல்லை.

“அந்தம்மா ஊருல இல்லீங்கய்யா.”

“பரவால்லீங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பாத்தாச் சரி.”

“வெள்ளிக்கிழமை என்னங்க?”

“அக்காளுக்குக் காரியம் வெச்சிருக்கோமுங்க. உடம்பு கெடைக்காம எப்படிப் பண்றதுன்னு இத்தன வருசம் பண்ணலீங்க. எங்கியோ இருக்கறான்னுதான் நெனப்பு. எங்கம்மா சாகறவரைக்கும் அவளுக்கும் சேத்துத்தான் சோறு வடிச்சுது.”

“இப்ப மட்டும் ஏனுங்க?”

“உங்க ரேடியோவக் கேட்டப்புறந்தானுங்க.”

அவள் எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். உயிரோடு இருப்பதாக ஒரு குடும்பம் முப்பத்தாறு வருடம் நம்பிக்கொண்டிருந்த ஒருத்தியை அவள் விடுதி அறையில் இருந்தபடி கொன்றிருந்தாள்.

கதவு திறந்தது. சாந்தாமணி மேடம்.

“வேலாமணி, அவங்க வந்தாச்சு. டீ குடிச்சிட்டிருக்காங்க. சிரிச்ச மூஞ்சியா வா, பரீட்சைக்குப் போற மாதிரி வராத. ஐயா யாரு?”

இப்போது பேசாமல் இருந்தால் இன்னும் ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். பட்டம் கைக்கு வந்துவிடும்.

“மேடம், நீங்களும் உக்காருங்க. ஐயா, காரியத்த நிறுத்துங்க. நான் சொன்னது அத்தனையும் பொய்.”

சொல்லி முடித்தாள். எதையும் மறைக்கவில்லை. நம்ப வைப்பதற்காகக் கிழவியின் குரலில் இரண்டு வரி பேசியும் காட்டினாள். மேசை இழுப்பறையிலிருந்து அலுமினியத் தட்டை எடுத்து அதன்மேல் ஒரு பிடி அரிசியைத் தூவினாள். அறைக்குள் தகரக் கூரைமேல் மழை பெய்தது.

“இதாங்கய்யா மழை.”

“அடேங்கப்பா” என்றார் நல்லசாமி.

மேடம் தட்டிலிருந்து ஓர் அரிசியை எடுத்துப் பார்த்தார்.

“முழுசாவா?”

“முழுசா, மேடம். கெழவி, கூட வர்ற ரெண்டு பொண்ணுங்க, மூணும் நான்தான். வேற ஒரு உயிரும் அதுல பேசல.”

“ரெண்டு வருஷம், வேலாமணி. தலையில மண்ணப் போட்டுக்கிட்டியே.”

“பொண்ண வையாதீங்க” என்றார் நல்லசாமி. அவர் முகத்தில் கோபம் இல்லை. குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “அம்மணி, கதையக் கேட்டு யாராச்சும் காரியம் வெப்பாங்களா? நேத்து அந்த எடத்தத் தோண்டுனோமுங்க. எலும்பு இருந்துது. அக்கா மெட்டி இருந்துது.”

“எந்த எடம்? நான் எந்த எடமும் சொல்லலீங்களே.”

“நீங்க சொல்லலீங்க. கடைசியில, கெழவி பேசி முடிச்சப்புறம்.”

“அதுக்கப்புறம் பேச்சே இல்லீங்கய்யா. அரை நிமிஷம் வெறும் மழை. இந்த அரிசி.”

“ஆமா, மழைதான்” என்றார் மேடம். “நானும் கேட்டேன்.”

நல்லசாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஊட்டுல ஆறு பேரு கேட்டோமுங்க. அந்த மழையிலதான் எங்க மச்சான், அக்கா புருசன், அவள அடிச்சுக் கொன்னதையும் பொதைச்ச எடத்தையும் சொன்னாரு. அவரு செத்துப் பதினோரு வருசமாச்சு. இருந்தவரைக்கும் அதப் பத்தி வாயே தொறக்காத மனுசன நீங்க எப்படிங்க பேச வெச்சீங்க?”