இன்னும் ஒரு சொட்டு

ஆரல் கடல் கைவிட்டுப் போன அந்த ஊரின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில், காரக் கரைசலின் நார்மாலிட்டியை, அதாவது செறிவை, இரண்டு பேர் தனித்தனியாகக் கண்டு எழுத வேண்டும். அமிலம் வெளிர் ரோஜாவாக மாற, இருவரில் இளையவளான ஆய்சுலுவுக்குப் பத்து மில்லி காரம் போதும்; கணக்கு 0.1000 வரும். மூத்தவள் ஜுமாகுலுக்கு எப்போதும் ஒரு சொட்டு கூடும்: 10.05 மில்லி, 0.0995.

"நிறம் வந்துடுச்சே, மூடுக்கா!"

"இருடி. இன்னும் ஒரு சொட்டு விட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்."

பனிக்காலத்தில் ஜுமாகுல் இறந்துபோனாள். பதிவேட்டில் அவளுடைய பத்தியையும் ஆய்சுலுவே நிரப்பினாள். அதே கை, சொட்டுச் சொட்டாய் அளந்து விடும் அதே பியூரெட். முதல் தடவை 10.00, இரண்டாம் தடவை 10.05. ஒரு நாளும் மாறவில்லை.

நுகுஸ் நகரத் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி பைரம்பாய் போனில் சிரித்தார். "ஒத்தை ஆளு எதுக்கும்மா ரெண்டு தடவை செய்யறே? யாரோட போட்டி? இனிமே ஒரு தடவை போதும்."

அன்று ஒரு தடவைதான் செய்தாள். 10.00-இல் நிறம் வந்தது. பியூரெட்டின் திருகை மூடினாள். எண்ணை எழுதி, ஜுமாகுலின் பத்தியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பியாலாவில் தேநீர் ஊற்றத் திரும்பினாள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சொட்டு விழுந்தது.

திருகு மூடித்தான் இருந்தது. பியூரெட் 10.05 காட்டியது. ரோஜா நிறம் கொஞ்சம் அடர்ந்திருந்தது. யாரோ கலக்கிவிட்டு இப்போதுதான் கையை எடுத்ததுபோல, குடுவைக்குள் கரைசல் சுழன்றுகொண்டிருந்தது.

அது அடங்கும்வரை ஆய்சுலு பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அலமாரியிலிருந்து இரண்டாவது பியாலாவை எடுத்துத் தூசு போகக் கழுவினாள்.

"மனசு ஆறிடுச்சாக்கா?"