முதலில் குடம்

மழை பொய்த்து ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. ஆற்றின் நடுவே தோண்டிய ஊற்றுக்குழிக்குள் நெஞ்சளவு இறங்கி, குருவம்மாள் சிரட்டையால் தண்ணீர் கோரிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். குழியின் விளிம்பில் அவள் புருஷனின் தங்கை உலகம்மாள் காத்திருந்தாள். மற்ற நாட்களில் ஒரு குடம் நிறைவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அன்று தண்ணீர் மளமளவென்று ஊறியது.

“ஆத்தாளுக்கு இன்னைக்குத்தான் மனசு எளகியிருக்கு,” என்றாள் குருவம்மாள்.

உலகம்மாள் மேற்கே பார்த்தாள். மலை கறுத்திருந்தது. அந்தப் பக்கமிருந்து நிறைய லாரிகள் வருவதுபோல ஓர் இரைச்சல் நெருங்கியது. கரையில் நின்றவர்கள் துண்டை வீசிக் கத்தினார்கள்.

“மதினி, வெள்ளம் வருது. கையக் குடுங்க.”

“மொதல்ல கொடத்தப் பிடி. புள்ளைக காலையிலருந்து தொண்டை காஞ்சு கெடக்குதுக.”

உலகம்மாள் குனிந்து குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மறுகையை நீட்டினாள். குருவம்மாளின் ஈரவிரல்கள் அதைத் தொட்டன. அந்த நேரம் பார்த்துக் குழியின் மணல் மொத்தமாகச் சரிந்தது. கரையிலிருந்து ஓடிவந்த இருவர் உலகம்மாளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அவள் திரும்பிப் பார்த்தபோது, ஆறு கரை முட்டச் செந்நிறமாக ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் மூச்சிரைக்க வந்து நின்றான்.

“ஒம் மதினி எங்க தாயி?”

அவள் குடத்தை இறக்கவில்லை. அதில் தெளிந்த தண்ணீர் தளும்பியது. மழையின் முதல் துளிகள் அதற்குள் விழுந்தன. உலகம்மாள் உள்ளங்கையால் குடத்தின் வாயை மூடிக்கொண்டாள்.