சிவப்புக் காரின் வெட்கம்

சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரே வெட்கம். ஏசி போட்டால் அதன் அடியில் தண்ணீர் சொட்டியது.

"ஊரே பார்க்குது. இனிமே ஒரு சொட்டுகூட வெளியே விடாதே!" என்று ஏசியின் வடிகுழாயை அதட்டியது. குழாயும் சாலைச் சேற்றால் வாயை அடைத்துக்கொண்டது.

தண்ணீர் காருக்குள்ளே வழிந்தது. கால்மிதி ஊறி நாறியது. காரை ஓட்டும் கோதை மூக்கைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனாள். "சரியாகலேன்னா வித்துடுங்க."

காருக்குப் பகீரென்றது. "குழாயே, வாயைத் திற!"

"நீங்க சொல்லித்தானே மூடினேன்? இப்போ இறுகிப்போச்சு."

மெக்கானிக் அடியில் படுத்துக் குழாய்க்குள் காற்றடித்தார். சேறு தெறித்தது, தண்ணீர் கொட்டியது. கால்மிதி காய்ந்ததும் கோதை சிரித்தபடி கிளம்பினாள்.

சிக்னலில் ஒரு ஸ்கூட்டர் கேட்டது: "என்னண்ணே, கீழே சொட்டுதே?"

"சொட்டட்டும் தம்பி," என்றது கார். "உள்ளே ஜம்முன்னு காய்ஞ்சிருக்கு!"