பச்சைக் கண்டின் ஆசை

மலையூர் ஒன்றில் ரோசலினும் அவள் தங்கை பிலோமினாவும் கம்பளிநூல் கடை வைத்திருந்தார்கள். யார் வந்து கேட்டாலும் பின்னக் கற்றுக் கொடுப்பார்கள். அவர்களுக்கு அதில் அப்படியொரு ஆசை. பழக வருகிறவர்களுக்குத் தருவது எப்போதும் ஒரே பச்சை நூல்கண்டுதான். பின்னியதைப் பிறகு பிரித்துச் சுற்றிவிடுவார்கள்.

"மற்ற நூலெல்லாம் ஸ்வெட்டராகக் கிளம்பிப் போகிறது. நான் மட்டும் இங்கேயே கிடக்கிறேன்," என்று பச்சைக் கண்டு பின்னல் ஊசியிடம் புலம்பியது.

"இருந்தாலும் நீ குறையாமல் இருக்கிறாயே," என்றது ஊசி.

ஒருநாள் பஸ் டிரைவர் சவரிமுத்து பழக வந்தார். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி உள்ளங்கை அளவு பின்னினார். அதில் மூன்று ஓட்டை. பிலோமினா பிரிக்கப் போனாள்.

"பிரிக்காதீங்கக்கா. என் கையால செஞ்சது," என்றார் அவர்.

அக்காவும் தங்கையும் சிரித்துக்கொண்டே நூலை வெட்டிக் கொடுத்தார்கள். அவர் அதைக் கியர் கம்பியின் தலையில் குல்லாவாக மாட்டிக்கொண்டு மலையெல்லாம் சுற்றினார். பார்த்தவர்களும் பழக வந்தார்கள். அவரவர் பின்னியதை அவரவரே கொண்டுபோனார்கள்.

கண்டு எலுமிச்சை அளவுக்கு இளைத்துவிட்டது.

"இப்படியே போனால் தீர்ந்துவிடுவாய்," என்று ஊசி கவலைப்பட்டது.

"அது கிடக்கட்டும்," என்றது கண்டு. "வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிறார்கள், யாரென்று பார்."