சேறும் உண்ணியும்

பூனையே யோசித்துக் கால் வைக்கும் ஒல்லி மதிலில் ஒரு வெள்ளாடு தினமும் நடந்தது. மதிலின் அந்த முனையில்தான் முருங்கை இலை. இந்த முனையில் வெறும் மண். ஒரு நாள் காலை, பாதி வழியில் ஆட்டுக்குத் தலை சுற்றியது. தொப்பென்று விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது. "பாழாய்ப்போன காலு!" என்று திட்டியது.

எருமை வந்து பார்த்தது. "உடம்புச் சூடு. சேத்துல கிட, சரியாப்போயிடும்" என்றது. அதற்குத் தெரிந்த ஒரே மருந்து அது. ஆடு சேற்றில் கிடந்துவிட்டு ஏறியது. விழுந்தது.

"வயசாச்சுக்கா. ஏறுறதை விட்டுடு" என்றது கழுதை.

"நேத்து வரைக்கும் வராத வயசு, இன்னைக்கு விடிஞ்சதும் வந்துடுச்சாக்கும்?" என்று ஆடு சீறியது.

எருமையின் முதுகில் இருந்த மைனா கேட்டது: "எந்தப் பக்கமா விழுறீங்க?"

யாரும் கேட்காத கேள்வி. ஆடு யோசித்தது. "எப்பவும் இடது பக்கம்தான்."

மைனா ஆட்டின் இடது காதுக்குள் அலகை விட்டு, ரத்தம் குடித்துப் பருத்த உண்ணி ஒன்றை இழுத்து விழுங்கியது. "சாயாம நிக்க வைக்கிறதே காதுதான். அதுல இதை வச்சுக்கிட்டு காலைத் திட்டுறீங்களே!"

தலைச்சுற்றல் அடங்கும்வரை ஆடு பொறுத்திருந்தது. சாயங்காலம் மதிலேறி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தது. நட்டநடுவில் நின்று, பின்னங்காலைத் தூக்கி இடது காதைச் சொறிந்தும் காட்டியது. முருங்கைக் கிளை அதிர அதிர மென்றது.

கீழே எருமை கழுதையைப் பெருமையாக இடித்தது. "பார்த்தியா, சேறு வேலை செய்யுது!"